ஒரே ஸ்க்ரூ எல்லாச் சரக்குக்கும் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா நெல் வரத்துக்கு முன்பாக டெல்டா மாவட்டங்களின் அரிசி ஆலைகள் பலவற்றில் பழைய இயந்திரங்களை மாற்றும் வேலை நடப்பது வழக்கம். திருவாரூர் பகுதி ஆலைகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்க்ரூ கன்வேயர்களை, அதாவது தொட்டிக்குள் சுழலும் சுருள் தகட்டால் சரக்கைத் தள்ளிச் செல்லும் இயந்திரங்களை, பொருத்தியும் பழுதுபார்த்தும் வருபவன் என்ற முறையில், நெல்லுக்கும் தவிட்டுக்கும் உமிச் சாம்பலுக்கும் ஒரே வகை ஸ்க்ரூவை வாங்கிப் போடும் பழக்கத்தைக் குறித்து எழுதுகிறேன்.

காய்ந்த நெல் எளிதில் உருளும் சரக்கு என்பதால், கன்வேயர் தொட்டியின் குறுக்குவெட்டுப் பரப்பில் 30 முதல் 45 சதவீதம் வரை நிரப்பி ஓட்டலாம். உமிச் சாம்பலுக்கோ 15 சதவீதமே ஏற்றது. சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா ஆகையால், அது உப்புத்தாள் போல இரும்பைத் தேய்த்துவிடும். ஓர் ஆலையின் பாய்லருக்கு அடியிலிருந்து நான் கழற்றிய சுருள் தகட்டின் ஓரம், கை வைத்தால் வெட்டும் அளவுக்கு அரிவாள் போல மெலிந்திருந்தது. அந்த இடத்துக்குத் தடித்த, கடினப் பூச்சு வெல்டிங் செய்த தகடும், அகன்ற தொட்டியும், குறைந்த வேகமும் வேண்டும்.

தவிட்டின் தொல்லை வேறு. எண்ணெய்ப் பசையுள்ள புழுங்கல் தவிடு தண்டுக்கும் தகட்டுக்கும் இடையிலான மூலையில் அப்பிக்கொள்ளும். அங்கேயே தங்கினால் சிக்கு வாடை அடித்து, எண்ணெய் ஆலைக்காரர் விலையைக் குறைப்பார். தண்டை ஒட்டாமல் இடைவெளி விட்டுச் சுற்றிய நாடா வகை ஸ்க்ரூவில் இந்த ஒட்டல் வெகுவாகக் குறையும். சேறு போன்ற சரக்குக்கு நடுத்தண்டே இல்லாத வகையும் உண்டு. கழிவுநீர் நிலையங்களில் அதைப் பார்க்கலாம்.

இடம் போதவில்லை என்று கிடைமட்டத்துக்கான ஸ்க்ரூவையே சாய்த்து நிறுத்துவதும் பிழையாகும். கிடைமட்டத்தில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி பொதுவாக ஸ்க்ரூவின் விட்டத்துக்குச் சமமாக இருக்கும். சாய்வு கூடக்கூட அந்த இடைவெளி குறைய வேண்டும், மோட்டாரின் திறன் கூட வேண்டும். இல்லையேல் சரக்கு பின்னோக்கிச் சரிந்து அங்கேயே அரைபடும். அரிசியை மேலே ஏற்றுவதற்கு வாளி எலிவேட்டரே நல்லது, குருணையாவது குறையும்.

என்னை இக்கடிதம் எழுதத் தூண்டியது மழைக்கால நெல்தான். கொள்முதலுக்கு 17 சதவீத ஈரப்பதம் என்ற வரம்பு இருந்தாலும், மழை ஆண்டுகளில் அது தளர்த்தப்படுகிறது. அப்போது வைக்கோல் துணுக்கோடு வரும் ஈர நெல், ஸ்க்ரூவின் தண்டை நடுவே தாங்கும் பேரிங்கில் சுற்றிக்கொண்டு அடைத்துவிடும். லாரிகள் வரிசையில் நிற்கும் அவசரத்தில் மூடியைத் திறந்து, மோட்டாரை நிறுத்தாமலே கம்பியால் குத்திவிடுகிறார்கள். அப்படிக் குத்தப்போன இளைஞர் ஒருவர் மூன்று விரல்களை இழந்ததை நான் நேரில் கண்டேன். அந்த மூடி பல மாதங்களாகவே போல்ட் இல்லாமல் சும்மா சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

ஆகவே, ஆலை உரிமையாளர்கள் விலைப்பட்டியல் கேட்கும்போதே சரக்கு எது, அதன் ஈரம் எவ்வளவு, சாய்வு எத்தனை டிகிரி என்பதை எழுதிக்கொடுத்து வாங்க வேண்டும். மூடியைத் திறந்தவுடன் மோட்டார் நின்றுவிடும் சுவிட்சை ஒவ்வொரு கன்வேயரிலும் பொருத்த வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பதிவேட்டைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்த மூடிகளையும் ஒருமுறை தூக்கிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆலை இயந்திரப் பராமரிப்பாளர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.