தூளி கட்டித் தந்த அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

பெருவில் யூரிமாகுவாஸிலிருந்து இகிடோஸ் வரை சரக்குப் படகில் என்னோடு வந்தவர்களுக்கு வணக்கம். உங்களுக்குத் தமிழ் தெரியாது. என் ஸ்பானிஷ் பத்துச் சொல்லைத் தாண்டாது. அங்கே 'கிராசியாஸ்' (நன்றி) ஒன்றை வைத்தே ஒப்பேற்றிவிட்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து இகிடோஸுக்குச் சாலையே கிடையாது. விமானம், இல்லாவிட்டால் ஆறு. சரக்கு நிறைந்தால்தான் படகு நகரும். 'நாளை, நாளை' என்று இரண்டு நாள் போயிற்று. அப்புறம் முதல் ராத்திரியே, படுக்க நான் கட்டிய தூளி முடிச்சு அவிழ்ந்து, யாருடைய கோழிக்கூடை மேலோ விழுந்தேன்.

பக்கத்துத் தூளி அக்கா, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுத்தான் எழுந்து வந்தீர்கள். கயிற்றைக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மடித்துச் செருகி, நீங்களே ஒருமுறை தொங்கிப் பார்த்தீர்கள். நீளவாக்கில் படுக்காதே, குறுக்கே படு என்று சைகை வேறு. முதுகுவலி அன்றோடு போச்சு.

சமையல்கார அண்ணனுக்கு: கிண்ணமும் கரண்டியும் அவரவர் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வெறுங்கையோடு வரிசையில் நின்றவனுக்கு ஒரு காலி வெண்ணெய் டப்பாவைக் கழுவிக் கொடுத்தீர்கள். இப்போது அதில்தான் எங்கள் வீட்டுப் புளி இருக்கிறது.

வழியில் லகூனாஸ் ஊரில் கூடையோடு ஏறிய பாட்டிக்கு: இலைப் பொட்டலத்தைப் பிரித்தால் மஞ்சள் சோறு, கோழித்துண்டு, அவித்த முட்டை, ஓர் ஆலிவ் காய். ஹுவானே என்றீர்கள். ஜூன் 24, சான் ஹுவான் திருநாளுக்கு வீடுதோறும் செய்வதாம். எனக்கு ரயிலில் பிரித்த கட்டுச்சோறு ஞாபகம் வந்தது. சில்லறை இல்லை என்றதும், போ போ என்று கையசைத்தீர்களே, அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.

கடைசியாக, முகப்பில் கழியோடு நின்ற தம்பி. ஆகஸ்ட் மாதம், தண்ணீர் இறங்கியிருந்தது. ஹுவல்யாகா ஆற்றில் மணல்திட்டில் தட்டி நான்கு மணி நேரம் நின்ற பிறகு, ராத்திரி முழுக்கக் கழியை ஊன்றி ஆழம் கூவிக்கொண்டே வந்தாய். நாங்கள் தூங்கினோம். நவ்டா பக்கத்தில் விடியும்போது என்னை உலுக்கி எழுப்பினாய். ஒரு விரல் மரான்யோன் ஆறு, ஒரு விரல் உகயாலி ஆறு. இரண்டையும் சேர்த்துக் காட்டி 'அமசோனாஸ்' என்றாய், நம் அமேசான்தான். நான் ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள், மூட்டைமேல் சாய்ந்து தூங்கியே போயிருந்தாய்.

இப்படிக்கு,
கோழிக்கூடையில் விழுந்தவன்