லீவர் வேறு, வீல் ஸ்பேனர் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

நடுவழியில் பஞ்சரானால் என்ன செய்வது என்று தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரை, ‘டயர் இரும்பு’ கொண்டு நட்டுகளைக் கழற்றச் சொல்கிறது. அமெரிக்கக் கட்டுரையின் தமிழாக்கம் என்பது இந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. நம் ஊர்ப் பஞ்சர் கடையில் டயர் இரும்பு கேட்டால் முதலில் முழிப்பார்கள், பிறகு லீவரை எடுத்து நீட்டுவார்கள். அதுவும் தப்பில்லை. ஸ்டெப்னி வருவதற்கு முன், ரிம்மிலிருந்து டயரை நெம்பி எடுக்கும் தட்டைக் கம்பிக்குத்தான் அமெரிக்காவில் அந்தப் பெயர். சக்கரத்தையே மாற்றும் வழக்கம் வந்தபின், ஒரு முனையில் சாக்கெட்டும் மறுமுனையில் வீல் கப் நெம்பும் தட்டையுமாக எல் வடிவத்தில் வந்த ஸ்பேனருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நம் பேச்சில் இந்தக் குழப்பம் இல்லை. நெம்புவது டயர் லீவர், நட்டைத் திருகுவது வீல் ஸ்பேனர்.

காரில் போகிறவருக்கு லீவர் தேவையே இல்லை. டியூப்லெஸ் டயரின் விளிம்பை லீவரால் கீறிவிட்டால் பிறகு காற்று நிற்காது. பைக்கில் டியூப் மாட்டுபவர்கள்கூட, எதிர்ப்பக்க விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் அமுக்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நெம்ப வேண்டும். அவசரப்பட்டால் டியூப் கடிபட்டு, ஒட்டிய கையோடு இன்னொரு பஞ்சர்.

வீல் ஸ்பேனரில் முதலில் பார்க்க வேண்டியது அளவு. மாருதி கார்களில் பெரும்பாலும் 19 மி.மீ., ஹூண்டாய், டொயோட்டாவில் 21. ஃபோக்ஸ்வாகனில் நட்டே இல்லை, 17 மி.மீ. போல்ட். பழைய கார் வாங்குகிறவர்கள் டிக்கியில் கிடக்கும் ஸ்பேனரை அன்றைக்கே நட்டில் மாட்டிப் பார்ப்பது நல்லது. 19 நட்டில் 21 ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் முனை மழுங்கி, எந்த ஸ்பேனருக்கும் பிடி கொடுக்காது. தொலைந்த நட்டுக்கு வேறு கம்பெனி நட்டைப் போடுவதும் ஆபத்து. மாருதி, ஹூண்டாய் இரண்டிலும் நட்டு ஏறும் மரைத்தண்டு, அதாவது ஸ்டட், 12 மி.மீ.தான் என்றாலும் மரையின் இடைவெளி முன்னதில் 1.25, பின்னதில் 1.5 மி.மீ. இரண்டு சுற்று ஏறும், அப்புறம் மரையைத் தின்றுவிடும்.

தங்கள் கட்டுரை ஜாக்கி ஏற்றிய பிறகு நட்டைத் தளர்த்தச் சொல்கிறது. இதுதான் பெரிய பிழை. அந்தரத்தில் நிற்கும் சக்கரம் ஸ்பேனரோடு சேர்ந்து சுற்றும், கார் ஜாக்கியிலிருந்து சரியும். ஹேண்ட்பிரேக், முதல் கியர், குறுக்கு மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். இவ்வளவும் ஆனபின், சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று தளர்த்திவிட்டு அப்புறம் தூக்க வேண்டும். மாட்டும்போது நட்டின் கூம்பு முகம் ரிம் பக்கம். முதலில் கையாலேயே திருக வேண்டும். நான்கு நட்டென்றால் எதிரெதிராக, ஐந்தென்றால் நட்சத்திரக் கோலமாக முறுக்கி, சக்கரத்தை இறக்கியபின் கடைசிப் பிடி.

அந்தக் கடைசிப் பிடிக்கு ஸ்பேனர் மேல் ஏறி நிற்கிறார்கள், சிலர் குதிக்கிறார்கள். சிறிய கார்களுக்குத் தேவையான முறுக்கு ஏறக்குறைய 10 கிலோகிராம்-மீட்டர். 30 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 35 கிலோ அழுத்தம் கொடுத்தாலே அது கிடைத்துவிடும். 70 கிலோ ஆள் ஏறி நின்றால் இரட்டிப்பு, ஸ்டட் நீண்டுவிடும், அடுத்த பஞ்சரில் முறிந்து கையோடு வரும். மரைக்கு எண்ணெய் விடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். உராய்வு குறைவதால் அதே அழுத்தத்துக்கு நட்டு கூடுதலாக இறுகும். துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

50 கி.மீ. ஓடியதும் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் கட்டுரையில் விடுபட்டிருக்கிறது. அலாய் வீல் காரர்கள் இதைத் தவறவிடவே கூடாது.

இப்படிக்கு,
மோட்டார் மெக்கானிக் பயிற்றுநர் (ஓய்வு),
கோயம்புத்தூர்