"பழகிட்டான்" என்று சொல்வதற்கு முன்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோருக்கும், பெற்றோர் ஊரில் இல்லாத வீடுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, தாத்தா, சித்தி, பெரியம்மாமாருக்கும் வணக்கம்.

இந்தக் கடிதத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டாம். பெரியவர்களே வாசியுங்கள். வாசிக்கச் சிரமமாக இருந்தால் பள்ளி விட்ட பிறகு எந்த நாளிலும் வாருங்கள், நானே சொல்கிறேன். சப்பாத்து வவுச்சர், புலமைப்பரிசில், சிரமதானம் எதுவும் இதில் இல்லை. இது வேறு விஷயம்.

நம் தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஒரு பையன். பெயரும் டிவிஷனும் சொல்ல மாட்டேன். தினமும் இரண்டாம் பாடவேளையில் தூங்கி விழுவான். வகுப்பு டீச்சர் முதலில் பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னார். அப்புறம் இரவில் டிவி பார்க்கிறானோ என்று சந்தேகப்பட்டார். பாட்டியை வரச்சொல்லிக் கேட்டோம். "அவங்கம்மா குவைத்துக்குப் போயி மூணு மாசமாச்சுங்க டீச்சர். மொத வாரம் கத்துனான். இப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. பழகிட்டான்" என்றார். எப்படி வழியனுப்பினீர்கள் என்று கேட்டேன். விடிய மூன்று மணிக்கு வேன் வந்ததாம். எழுப்பினால் அழுவான் என்று எழுப்பாமலே போய்விட்டாராம்.

இன்னொரு நாள் அவனை என் அறையில் உட்காரவைத்து, அவனுடைய பென்சிலைச் சீவிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். ராத்திரியில் ஏன் தூங்குவதில்லை என்று கேட்டதற்கு, தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "நான் முழிச்சிருந்தா பாட்டி போகாது." புத்தகப்பைக்குள், கொப்பிகளுக்கு அடியில், நான்காய் மடித்த ஒரு துண்டு இருந்தது. கொழுந்துக் கூடைக் கயிறு தலையை அறுக்காமல் இருக்க அவனுடைய அம்மா போட்டுக்கொள்ளும் துண்டு. அதைத் துவைக்கவே விடமாட்டானாம்.

அன்றிலிருந்து இந்தப் "பழகிட்டான்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குத் திக்கென்று இருக்கிறது.

இதே சொல்லில் ஒரு காலத்தில் பெரிய பெரிய வைத்தியசாலைகளே ஏமாந்திருக்கின்றன. 1950கள் வரை இங்கிலாந்தில் பிள்ளையை வாட்டில் சேர்த்தால், பல இடங்களில் தாய் வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பதே பெரிய காரியம். தாய் வந்துபோனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது, ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்பது அவர்களுடைய கணக்கு. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூக சேவையாளர் அந்த வாட்டுகளில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்தார். முதலில் பிள்ளை கத்தி ரகளை பண்ணும். பிறகு சோர்ந்து சுருண்டுவிடும். மூன்றாவதாக, கொடுத்ததைச் சாப்பிட்டு, தாதிமாரைப் பார்த்துச் சிரித்து, தாய் வந்தாலும் கண்டுகொள்ளாத ஒரு நிலைக்கு வந்துவிடும். அந்த மூன்றாவது நிலையைத்தான் வாட்டில் "தேறிவிட்டது" என்றார்கள். தாய் வருவாள் என்று எதிர்பார்ப்பதையே அந்தப் பிள்ளை நிறுத்திக்கொண்டது என்றார் ராபர்ட்சன். யாரும் நம்பாததால், எட்டு நாள் வைத்தியசாலையில் இருந்த ஒரு சின்னப் பெண்ணை 1952 இல் படமெடுத்தே காட்டினார். அவளுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. அவள் பெரிதாக அழக்கூட இல்லை. அழுகையை அடக்கிக்கொள்ளும் அந்த முகம்தான் பார்த்தவர்களை உலுக்கியது. வைத்தியர்கள் சிலர் கோபப்பட்டார்கள். ஆனால் 1959 இல் அரசாங்கக் குழுவே பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ராபர்ட்சனோடு வேலை செய்தவர் ஜோன் போல்பி என்ற மனநல மருத்துவர். பிள்ளைக்கும் பெரியவருக்கும் இடையிலான இந்த ஒட்டுதலைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியவர். வசதியான வீட்டில் பிறந்தவர்தான். அந்தக் கால வழக்கப்படி அம்மா பகலில் ஒரு மணி நேரம் கண்ணில் பட்டால் உண்டு, வளர்த்தது ஓர் ஆயா. நான்கு வயதாகும்போது அந்த ஆயா வேலையை விட்டுப் போய்விட்டார். தாயை இழந்த மாதிரி என்று வயதான பிறகும் அவர் அதைச் சொல்லியிருக்கிறார். பெற்றவள் வீட்டில் இருக்கும்போதே அப்படி! தூக்கி வைத்திருந்த கை யாருடையதோ, பிள்ளை அங்கேதான் ஒட்டும்.

நமக்கு இது தெரியாததா? 84 நாள் பிரசவ லீவு முடிந்தால் தாய் கொழுந்து பறிக்க மலைக்கு, பிள்ளை தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவுக்கு. நம்மில் பாதிப்பேர் அப்படி வளர்ந்தவர்கள். நானும்தான். அந்த ஆயம்மா முதுகில் தட்டித் தூங்கவைக்கும் தாளம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. தினமும் போய்த் தினமும் திரும்பி வருகிற தாயைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஒரே ஆயம்மா வருஷக்கணக்கில் இருந்தால் பிள்ளைக்கு இன்னொரு மடி கிடைத்த மாதிரி. கவலை எல்லாம் நீண்ட பிரிவைப் பற்றித்தான், அதிலும் சொல்லாமல் போகிற பிரிவைப் பற்றி.

பிள்ளையை விட்டுப் போகிறவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அடுப்பு எரிய வேண்டும், கடன் அடைய வேண்டும், கொழுந்துச் சம்பளத்தில் அது நடக்காது. கொழும்பு புறக்கோட்டைக் கடையில் வேலை பார்த்துத் தீபாவளிக்கு மட்டும் வரும் அப்பாக்களும் இந்தக் கணக்கில் உண்டு, அவர்களை ஏனோ யாரும் கேட்பதில்லை. வெளிநாட்டுக்குப் போகும் தாயின் கடைசிப் பிள்ளைக்கு ஐந்து வயதாகியிருக்க வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2022 இல் அதை இரண்டு வயதாகக் குறைத்தார்கள். ராபர்ட்சன் படமெடுத்த பிள்ளையின் வயதும் ஏறக்குறைய அதுதான். சட்டம் விடுகிறது என்பதற்காகப் பிள்ளை தயார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வருஷம் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுங்கள். ஏழு, எட்டு மாதத்திலிருந்து மூன்று வயது வரைதான் பிரிவு மிகவும் கடுமையாக வலிக்கும். அந்த வயதில் "அம்மா வருவா" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கப் பிள்ளைக்குத் தெரியாது. மூன்று தாண்டினால் மெல்ல மெல்லத் தெரியவரும்.

நானும் தப்புச் செய்தவள்தான். புதிதாக வேலைக்கு வந்த காலத்தில் தரம் ஒன்றுக்கு வகுப்பெடுத்தேன். ஜனவரியில் அழும் பிள்ளைகளின் தாய்மாரிடம், "அவன் பார்க்காத நேரமாப் பார்த்துப் போயிருங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வகுப்பு அமைதியாக இருந்ததும் உண்மை. அதில் ஒரு பிள்ளை அந்த வருஷம் முழுக்க வாசலைப் பார்த்தபடியே எழுதினாள், எழுத்தெல்லாம் கோட்டை விட்டு இறங்கிப் போகும். கையெழுத்துச் சரியில்லை என்று அவளைத் திட்டியும் இருக்கிறேன்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன்: சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளை அழும். அழட்டும், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னமே சொல்லத் தொடங்குங்கள். எங்கே போகிறோம், ஏன் போகிறோம், யார் சோறு போடுவார்கள், யார் பக்கத்தில் படுப்பார்கள் என்பது வரை சொல்ல வேண்டும். "இரண்டு வருஷம்" என்றால் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. "நம்ம கோயில் தேர் ரெண்டு தடவ வரும், அப்புறம் அம்மா வருவேன்" என்றால் புரியும். "நாளைக்கே வந்துருவேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை நாளைக்கு எண்ணும். பயணம் இரவில் என்றால் எழுப்புங்கள், தூக்கக் கலக்கத்தில் ஒரு முத்தம் போதும். போனதைப் பார்த்த பிள்ளை வேறு, விழித்துப் பார்த்தால் பாய் காலியாக இருந்த பிள்ளை வேறு.

போன் விஷயமும் சொல்ல வேண்டும். குவைத்தில் மாலை ஐந்து என்றால் இங்கே ஏழரை. வாரத்தில் ஒரு நாள் என்றாலும் ஒரே நாளாக, ஒரே நேரமாக இருக்கட்டும். எடுத்ததும் "படிக்கிறியா, பாட்டி சொல்றதக் கேக்குறியா" என்று தொடங்கினால் பிள்ளை போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடும். நம் பள்ளியில் எத்தனையோ பிள்ளைகள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். ஆடிய பல் விழுந்ததா, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதா என்று கேளுங்கள். மேரி எய்ன்ஸ்வர்த் என்ற ஆய்வாளர் 1954 இல் உகண்டாவுக்குப் போய், கம்பாலாவுக்கு அருகே 26 குடும்பங்களை வீடுவீடாகப் பார்த்தார். அங்கேயும் தாய்மார் தோட்டத்தில் பாடுபடுகிறவர்கள்தான். தன் பிள்ளையைப் பற்றிக் கேட்காமலே சின்னச் சின்ன விவரமெல்லாம் சொல்லக்கூடிய தாய்மாரின் பிள்ளைகள்தான் பயமில்லாமல் ஒட்டியிருந்ததாக அவர் கண்டார். பாட்டிமாரே, அந்த விவரங்களைத் தாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

திரும்பி வரும்போது இன்னொன்று நடக்கும். சொக்லேட்டும் பொம்மையுமாக வந்திறங்கும் தாயைக் கண்டு பிள்ளை பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். "என்னைய மறந்துட்டா டீச்சர்" என்று அழுத தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. கொஞ்ச நாள் முறைப்பாக இருக்கும், அப்புறம் கழிப்பறைக்குக்கூட விடாமல் பின்னால் வரும். இரண்டையும் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பாட்டியை ஒரே நாளில் பிரித்து வேறு வீட்டுக்கு அனுப்பிவிடவும் வேண்டாம். பிள்ளைக்கு அது இரண்டாவது பிரிவு.

பெரியவர்களுக்கும் இது உண்டு. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன சனத்தை ஏற்றிய ரயிலுக்கு நம்மவர்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயர் வைத்தது எல்லோருக்கும் தெரியும். என் அம்மாயியின் (அம்மாவின் அம்மா) தங்கை அப்படித்தான் போனார். போவதற்கு முதல் நாள் இரண்டு பேரும் பித்தளைப் பாத்திரங்களைப் பங்கு வைத்தது, கோச்சி நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடியது எல்லாவற்றையும் அம்மாயி சாகும்வரை சொல்லும். அழுதுகொண்டே சொல்லும், ஆனால் முதலிலிருந்து கடைசிவரை விடாமல் சொல்லும். மேரி மெய்ன் என்ற ஆய்வாளர் 1985 இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அம்மாயிதான் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் என்ன நடந்தது என்பதைவிட, நடந்ததை ஒருவர் கோவையாகச் சொல்ல முடிகிறதா என்பதே அவருடைய பிள்ளை அவரோடு எப்படி ஒட்டுகிறது என்பதைக் காட்டுகிறது என்பது அந்த ஆய்வு. கஷ்டப்பட்டு வளர்ந்தவர்கள் நல்ல தாய் தகப்பனாக முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

என் அம்மாவுக்கு இப்போது 81 வயது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கண்ணயர்ந்த நேரத்தில், எழுப்புவானேன் என்று சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். இருட்டும்வரை வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தாராம். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதுகிற எனக்கே இப்படி.

இனி உங்களில் யாராவது கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போவதாக இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காரணம் கேட்க மாட்டோம், ஊரில் பேசவும் மாட்டோம். அந்த வாரத்தில் அந்தப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம், அவ்வளவுதான். தம்பி தங்கையைப் பார்க்க மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் மறிப்பதாக இருந்தால் அதையும் வந்து சொல்லுங்கள், ஏதாவது வழி பார்ப்போம். வீட்டில் பிள்ளைக்கு அடி, தொந்தரவு என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அந்தப் பையன் இப்போது வெள்ளிக்கிழமைகளில் அம்மாவோடு பேசுகிறான். முதல் இரண்டு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். மூன்றாவது வாரம், "ஏன் என்னைய எழுப்பல?" என்று கேட்டிருக்கிறான். அந்தப் பக்கம் அம்மா அழ, இந்தப் பக்கம் பாட்டி அழ, ஒருவழியாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். துண்டு இன்னும் பைக்குள்தான் இருக்கிறது. அதை வெளியே எடுக்கச் சொல்ல வேண்டாம் என்று எல்லா ஆசிரியர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அதிபர்

பி.கு.: வருகிற ஜனவரியில் தரம் ஒன்று வாசலில் இரண்டு வாங்கு போடப்படும். முதல் இரண்டு வாரம் தாய், தகப்பன், பாட்டி யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். எழுந்து போகும்போது பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.