மீன்பாடும் கடல் சூடும்

பாம்பன்

அன்பு முனியசாமிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. உன் மகள் நல்ல மார்க் எடுத்ததில் வீட்டில் அத்தனை பேருக்கும் சந்தோஷம்.

வலையில் விழும் மீன்பாடு குறைந்ததற்கு, இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலைதானே காரணம் என்று கேட்டிருந்தாய். அது பெரிய காரணம்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடக்கிறது. கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்து வருகிறது. 1960க்குப் பிறகான ஐம்பது ஆண்டில் உலகக் கடல்களில் சுமார் 2 சதவீதம் போய்விட்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2 சதவீதம்தானே என்று தோன்றும். எல்லா இடத்திலும் சமமாகக் குறையவில்லையே! வங்காள விரிகுடாவின் ஆழத்தில் ஏற்கெனவே ஆக்சிஜன் அற்பமாக இருக்கும் அடுக்கு ஒன்று உண்டு. அங்கெல்லாம் கொஞ்சம் குறைந்தாலும் தாங்காது.

சூடுதான் இதற்கு முக்கியக் காரணம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் 7 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் 6 சொச்சம்தான். பிள்ளைகள் வாளியில் போட்டு வைக்கும் மீன், வெயில் ஏறியதும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுமே, அதேதான். சூட்டில் மூச்சு கூடுதலாக வேண்டும், தண்ணீரில் இருப்பதோ குறைவு. இதைவிடக் கேடு, சூடான மேல்தண்ணீர் லேசாகிக் கீழ்த்தண்ணீரோடு கலக்காமல் நின்றுவிடுவது. காற்றிலிருந்து வாங்கிய ஆக்சிஜன் கீழே போய்ச் சேராது.

நம் வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஆழமில்லாதது, வாடை அடித்தால் அடிவரை கலங்கிவிடும். அதனால் தப்பித்தோம் என்று இருக்க முடியாது. 2019 செப்டம்பரில் தென்கடலான மன்னார் வளைகுடாவில் பூங்கோரை என்னும் நுண்ணுயிர் படர்ந்து, தண்ணீர் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கினவே. அது சூட்டால் மட்டும் வந்ததில்லை. ஆனால் பூங்கோரை அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும். சூடான தண்ணீரில் முதலிலேயே கையிருப்பு குறைவு.

என் பயம் வேறு. ஆழத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சூரை, மயில்மீன் எல்லாம் மேலே ஒதுங்கும், சுலபமாக மாட்டும். அட்லாண்டிக்கில் இதைப் பார்த்திருக்கிறார்கள். நாமோ மீன் பெருகிவிட்டது, நல்ல பாடு என்று தப்பாக நினைத்து மகிழ்ந்துபோவோம். அதனால் மீன் கணக்கோடு தண்ணீர்ச் சூட்டையும் ஆக்சிஜனையும் அளந்து எழுதிவைக்க வேண்டும் என்று சங்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இளவட்டங்கள் சரி என்கிறார்கள்.

உப்புத்தண்ணீரில் அளக்கும் ஆக்சிஜன் மீட்டர் என்ன விலை என்று சென்னையில் விசாரித்து எழுது. அப்புறம், பொங்கலுக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
சேசு