மார்ச் மாதத்துச் சமயச் சொற்பொழிவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்ததும் கல்லூரி, பல்கலைக்கழகச் சமயத் துறைகளிலிருந்து, நன்கொடையாளர்கள் வைத்த வைப்புத்தொகையின் வட்டியில் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளுக்கான அழைப்பிதழ்கள் வரத் தொடங்கும். பிப்ரவரி பாதிக்கு மேல் வாரத்துக்கு மூன்று, நான்கு வரும். மார்ச் மூன்றாம் வாரத்திலோ ஒரே காலையில், ஒரே அரங்கில், மூன்று அறக்கட்டளைகளையும் வரிசையாக முடித்துவிடுவார்கள். ஏப்ரல் பிறந்தால் அடுத்த பொங்கல் வரை பெரும்பாலும் சத்தம் இருக்காது. மார்ச் 31-க்குள் அந்த ஆண்டு வட்டியைச் செலவழித்துக் கணக்கு கொடுத்தாக வேண்டும் என்பதுதான் இதற்குக் காரணம்.

அப்புறம், "கூட்டமே வருவதில்லை, சமய ஆராய்ச்சியில் இப்போது யாருக்கு அக்கறை?" என்று சலித்துக்கொள்கிறார்கள். மார்கழியில் விடிந்தும் விடியாமலும் திருப்பாவை உபன்யாசம் கேட்க மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் கூட்டம் சேரும் ஊர் இது. வேலை நாளில் காலை பத்தரை மணிக்குப் பேச்சை வைத்தால் விடுப்பு எடுத்துக்கொண்டா வருவார்கள்? முன்வரிசையில் பிற துறைப் பேராசிரியர்கள் நான்கு பேர், பின்வரிசைகளில் வருகைப் பதிவுக்காக அழைத்துவரப்பட்ட மாணவர்கள், நடுவே காலி நாற்காலிகள். படம் எடுக்கிறவர் பாடுதான் திண்டாட்டம்.

அறக்கட்டளை நிறுவியவர்கள் பணம் கொடுத்தது இதற்காக அல்ல. ஸ்காட்லாந்து நீதிபதி ஆடம் கிஃபோர்டு 1885-இல் எழுதிய உயிலில், எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களிலும் சமயச் சொற்பொழிவு நடத்த 80,000 பவுன் வைத்தார். பேசுகிறவர் எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம், எச்சமயமும் சாராதவராகவும் இருக்கலாம். பேச்சு மாணவர்களுக்கு மட்டுமின்றி ஊர் மக்கள் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறார். 1888-இல் தொடங்கிய அந்த வரிசை இன்னும் நடக்கிறது. நம் பக்கத்திலும் முன்மாதிரி உண்டு. திருப்பனந்தாள் காசி மடத்தின் கொடையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தச் சொற்பொழிவுகள் நடந்தன; 1946 முதல் 1954 வரை நிகழ்ந்தவை பின்னர் ஒரே தொகுப்பாக அச்சாயின. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்தவவியல், இஸ்லாமிய ஆய்வு எல்லாம் தத்துவத்தோடு ஒரே புலத்தில் இருக்கின்றன. இத்தனையும் ஒரே வளாகத்தில் அமைவது எளிதல்ல. எனவே இனி சொல்லப்போவது எந்த ஒரு துறையின் மீதும் வைக்கும் குற்றச்சாட்டு அல்ல, செய்யக்கூடியவை பற்றியது.

முதலில் நாள், நேரம். ஜூனில் கல்லூரி திறந்ததுமே ஆண்டு முழுவதுக்கும் தேதிகளைக் குறித்துவிட வேண்டும். பஞ்சாங்கம், ஹிஜ்ரி நாட்காட்டி, திருச்சபை நாட்காட்டி மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டு குறிக்க வேண்டும். வைகுண்ட ஏகாதசியை ஒட்டி வைணவ அறிஞர் கிடைக்க மாட்டார். ரமலான் மாலைகளும் புனித வாரமும் ஆகாது. நவம்பர் மாதப் பருவத் தேர்வு வாரத்தில் மாணவர் வரமாட்டார்கள். டிசம்பர் பாதிக்கு மேல் சபாக்களோடு போட்டி போட வேண்டாம். சேப்பாக்கத்தில் நடத்துகிறவர்கள் நான்காவதாக ஒரு அட்டவணையையும் பார்க்க வேண்டும்: மைதானத்தில் கிரிக்கெட் ஆட்டம் உள்ள நாளில் வாலாஜா சாலையில் நுழையவே முடியாது. மாலை ஐந்து மணிக்கு மேல் வைத்தால் அலுவலகம் முடித்தவர்கள் பறக்கும் ரயிலிலோ மெட்ரோவிலோ வந்துவிட முடியும். நவம்பர் கடைசியில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும் என்பதால் மஃரிப் தொழுகைக்குப் பத்து நிமிட இடைவேளையை அழைப்பிதழிலேயே போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் பாதிப் பேர் எழுந்து போவார்கள். பேச்சாளர் தான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டதாக நினைத்துத் தடுமாறுவார்.

அடுத்தது மேடை. பத்தரைக்குத் தொடங்கும் கூட்டத்தைக் கடிகாரத்தோடு கவனித்துப் பாருங்கள். முதன்மை விருந்தினர் வரப் பத்தே முக்கால் ஆகிவிடும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை முடியப் பதினொன்று. தலைமையுரை இருபது நிமிடம். வாழ்த்துரை இருவர், இருவருமே "நேரமின்மை கருதி" என்று தொடங்கிப் பத்துப் பத்து நிமிடம் பேசுவார்கள். பிறகு பேச்சாளரின் தன்விவரக் குறிப்பை, அவர் 1994-இல் கலந்துகொண்ட கருத்தரங்கு வரை, ஒரு மாணவி மூச்சுவிடாமல் வாசிப்பார். பொன்னாடை, நினைவுப் பரிசு. பேச்சாளர் கைக்கு ஒலிவாங்கி வரும்போது மணி பன்னிரண்டு. ஒரு மணிக்குச் சாப்பாடு. ஆறு மாதம் படித்துத் தயாரித்த பேச்சில் முன்னுரையைச் சொல்லி, நடுவைத் தாண்டி, முடிவுரைக்குக் குதிப்பார். இதற்கு மருந்து ஒன்றுதான்: பேச்சாளருக்கு முன்னால் ஒரே ஒருவர், எட்டு நிமிடத்துக்கு மிகாமல், வரவேற்று அறிமுகமும் செய்யட்டும். தன்விவரம் அழைப்பிதழின் பின்பக்கத்தில் இருக்கட்டும். பொன்னாடை எல்லாம் கடைசியில். துணைவேந்தரோ கல்லூரி முதல்வரோ பேச விரும்பினால் நிறைவுரையாகப் பேசலாம். அதற்குள் பேச்சையும் கேட்டிருப்பார்.

பணம்தான் பெரிய சிக்கல். தொண்ணூறுகளில் வைப்புத்தொகைக்கு 12 சதவீதம் வட்டி கிடைத்தபோது 50,000 ரூபாய் அறக்கட்டளை ஆண்டுக்கு 6,000 தந்தது. இன்று 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 3,500. எண்பது பேருக்குத் தேநீரும் வடையும் ஆளுக்கு 20 ரூபாய் என்றால் 1,600. அழைப்பிதழ் 200 பிரதி, எட்டு ரூபாய் வீதம் 1,600. மீதி 300 ரூபாய். அதில் மதுரையிலிருந்து ஓர் அறிஞரை எப்படி அழைப்பது? அதனால்தான் உள்ளூரில் அறிமுகமானவரையே ஆண்டுதோறும் கூப்பிடுகிறார்கள், மூன்றை ஒன்றாகக் கட்டுகிறார்கள்.

கட்டுவது தவறில்லை, கட்டும் விதம்தான் தவறு. நன்கொடையாளர் குடும்பங்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு ஒரே துறையைச் சேர்ந்த மூன்று, நான்கு சிறு அறக்கட்டளைகளை இணைத்து, எல்லாப் பெயர்களையும் அழைப்பிதழில் போட்டு, ஆண்டுக்கு ஒரே ஒரு பேச்சை நன்றாக நடத்தலாம். புதிதாக அறக்கட்டளை வைக்க வருகிறவர்களிடம் "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று சொல்லாமல் கணக்கைச் சொல்ல வேண்டும். மதிப்பூதியம், பயணம், தங்கல், அச்சு, ஒளிப்பதிவு எல்லாம் சேர்ந்து சுமாராக 25,000 ரூபாய் ஆகும். வட்டியில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அசலோடு சேர்க்க வேண்டும் என்று ஆவணத்திலேயே எழுதினால் 4 லட்சம் வேண்டும்: 28,000 வட்டியில் 2,800 அசலுக்கு, 25,200 செலவுக்கு. இந்த விதியை எழுதாத அறக்கட்டளைகளே இன்று 3,500 ரூபாயோடு நிற்கின்றன. செலவாகாத வட்டியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற ஒரு வரியும் இருந்தால் மார்ச் அவசரமே எழாது.

தலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். "சமயங்களில் மனிதநேயம்", "சமயமும் வாழ்வியலும்" போன்ற தலைப்புகளைக் கண்டதுமே வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். சமய நல்லிணக்கக் கூட்டங்களில் இது இன்னும் மோசம். மூன்று சமயத்தவர் மேடையேறி, தத்தம் சமயமும் அன்பையே போதிக்கிறது என்பார்கள். கேட்டவர் எதையும் புதிதாகத் தெரிந்துகொண்டிருக்க மாட்டார். அதே மூவரிடம் ஒரு குறுகிய பொருளைக் கொடுத்துப் பாருங்கள். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் நாட்டு வளத்தைப் பாடும் நாட்டுப் படலம் இருக்கிறது. அரபு நாடு அங்கே ஆறும் வயலும் நாரையுமாக விரியும். வீரமாமுனிவரின் தேம்பாவணியிலும் நாட்டுப் படலம் உண்டு. யூதேயா நாடு தமிழ்நாட்டு மருதநிலமாகவே தெரியும். இரண்டுக்கும் முன்னால் சேக்கிழாரின் பெரியபுராணத்துத் திருநாட்டுச் சிறப்பில் காவிரி பாய்கிறது. பாலைவன நாட்டில் ஏன் நெல் விளைகிறது? காப்பிய இலக்கணத்துக்காகவா, கேட்கிறவர்களுக்காகவா, கம்பனைப் படித்த பழக்கத்தாலா? மூன்று துறைகளும் சேர்ந்து நடத்தக்கூடிய மாலை இது. ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம். பிறகு ஒவ்வொருவரும் அடுத்தவர் பாட்டைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். தன் பாட்டைப் பற்றி அல்ல. இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டால் மூன்று தனிப் பேச்சுகளாகத்தான் முடியும்.

பாட்டைக் காதால் மட்டும் கேட்டுப் பின்தொடர முடியாது. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களும் சேர்ந்து நாற்பது அடிதான். ஒரு தாளில் அடங்கிவிடும். மேற்கோள் பாடல்கள் எல்லாவற்றையும் சீர் பிரித்து, எண் போட்டு, தாளின் இரு பக்கமும் அச்சிட்டு வாசலில் கொடுத்துவிட்டால் "மூன்றாம் பாடலைப் பாருங்கள்" என்று சொன்னாலே போதும். திரையில் காட்டுகிறவர்கள் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பைக் கொண்டுவருவார்கள். அந்த எழுத்துரு அரங்கத்துக் கணினியில் இருக்காது, தேவாரம் கட்டம் கட்டமாகத் தெரியும். முந்தின நாளே பிடிஎஃப் ஆக்கி வாங்கி, அதே கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். கம்பியில்லா ஒலிவாங்கிக்கு மாற்று பேட்டரி வேண்டும். ஒளிப்பதிவுக்கு ஒலியைப் பெருக்கியிலிருந்து நேரடியாக எடுக்க வேண்டும். கைப்பேசியைக் கடைசி வரிசையில் வைத்தால் மின்விசிறிதான் பதிவாகும்.

கேள்வி நேரத்தில்தான் பல கூட்டங்கள் கெடுகின்றன. ஒலிவாங்கியைச் சபைக்குள் அனுப்பினால் முதல் ஆள் கேள்வி கேட்கமாட்டார், தன் கருத்தைப் பத்து நிமிடம் சொல்வார். ஒரு நூல் நம்பப்படுவதைவிடச் சற்றுப் பிற்காலத்தது என்று பேசிவிட்டால் இரண்டாம் ஆள் கோபத்தோடு எழுவார். உபன்யாசம் கேட்டுப் பழகியவர்களுக்கு ஆராய்ச்சிப் பேச்சு நிந்தனையாகத் தோன்றுவது இயல்பு. எனவே வாசலிலேயே கேள்விச் சீட்டும் பென்சிலும் கொடுத்து, பேச்சு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது சேகரிக்க வேண்டும். அவைத்தலைவர் ஒரே பொருள் உள்ளவற்றைச் சேர்த்து, கையில் உள்ள இருபது நிமிடத்துக்கு ஏழெட்டுக் கேள்விகளை வாசிக்கலாம். கடுமையான கேள்வியை ஒளித்துவைக்கக் கூடாது. எழுதியவர் எதிரே உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்பார். வசைச் சொல்லை நீக்கிவிட்டு, கேள்வியை அப்படியே வாசிப்பதுதான் முறை.

ஆண்டுக்கு ஒன்றாவது அரங்கத்துக்கு வெளியே நடக்கலாம். சமணம் பற்றிய பேச்சைச் செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் வைக்கலாம்: பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர், பக்கத்தில் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தியின் கல்வெட்டு. காலை ஆறு மணிக்குப் பேருந்து கிளம்பினால்தான் பாறை சுடுவதற்குள் ஏறி இறங்க முடியும்.

பேசியதை அச்சிடாவிட்டால் பாதி வேலைதான் நடந்ததாக அர்த்தம். ராதாகிருஷ்ணன் 1926-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய அப்டன் சொற்பொழிவுகள் அடுத்த ஆண்டே 'The Hindu View of Life' என்ற நூலாயின. அவர் பேரைச் சொன்னால் இன்றும் அந்த நூலைத்தான் எடுக்கிறார்கள். ஐம்பது நிமிடத் தமிழ்ப் பேச்சு எழுத்தில் சுமார் ஐயாயிரம் சொல், இருபது பக்கச் சிறுநூல். பேச்சுக்குப் பின் கட்டுரை கேட்டால் வராது. தேதி உறுதியாகும்போதே, பேச்சுக்குப் பத்து நாள் முன்னதாகக் கட்டுரை வேண்டும் என்று கடிதத்தில் எழுதிவிட வேண்டும்.

கடைசியாகத் தங்களிடமும் ஒரு வேண்டுகோள். "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதியில் இந்தக் கூட்டங்கள் அன்று காலையில்தான் வருகின்றன. அதிலும் பேச்சாளர் பெயரும் தலைமை வகிப்பவர் பெயரும் இருக்கும், தலைப்பு இருக்காது. சமயத் துறைகள் ஐந்து நாள் முன்னதாக இரண்டே வரியில் செய்தி அனுப்பினால், இரண்டு நாள் முன்னதாகவே வெளியிட முடியுமா? இடம் போதவில்லை என்றால் தலைமை வகிப்பவர் பெயரை எடுத்துவிட்டுத் தலைப்பைப் போடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பேராசிரியர்,
மயிலாப்பூர், சென்னை – 4