பொக்ஸைக் கழற்ற விடாதே, பிள்ளை

கொட்டாஞ்சேனை, கொழும்பு

அன்புள்ள பிள்ளைக்கு,

ஃபோர் வீல் போட்டும் முன் சக்கரம் இழுக்கவில்லை என்று நேற்று நீ போனில் கதைத்ததில் பாதிதான் விளங்கியது. லைன் விட்டு விட்டுப் போனது. இந்த விஷயத்தை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு நீ வாகனத்துக்கு அடியில் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் எழுதி, படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுகிறேன். வாகனத்துக்குப் பக்கத்தில் நின்று ஆறுதலாக வாசி.

டிரான்ஸ்பர் பொக்ஸை, அதுதான் எஞ்சின் ஓட்டத்தை முன் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பொக்ஸை, கழற்ற வேண்டும், கொழும்பிலிருந்து வேறு பொக்ஸ் எடுக்க வேண்டும் என்று கராஜ்காரத் தம்பி சொன்னதாகச் சொன்னாய். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல். கோபப்படாமல் சொல், மாங்குளத்தில் நாளைக்கும் உனக்கு அவன்தான் வேண்டும். "அப்பா பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகளில் விசாரிக்கிறார்" என்றால் போதும். பொய்யும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். இடையில் எல்லாரும் பழையதைத் திருத்தித் திருத்தியே ஓடினார்கள். ஒரு நல்ல பழைய பொக்ஸுக்கு இப்போது சொல்லும் விலையை உனக்கு எழுதவே மனம் வரவில்லை.

கவுண்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவன் நான். பொக்ஸ் கேட்டு வருகிறவர்களிடம் எப்போதும் ஒரு கேள்வி கேட்பேன்: ஃபோர் வீல் லீவர் விழவில்லையா, அல்லது விழுந்த பிறகும் முன் சக்கரம் இழுக்கவில்லையா? முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். இரண்டும் வேறு வேறு வருத்தம், வேறு வேறு செலவு.

நீ சொன்னபடி பார்த்தால், லீவர் 4எச்சில், நாலு சக்கரமும் இழுக்கிற இடத்தில், சுகமாக விழுகிறது. டாஷ்போர்டில் முன் சக்கர விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது, நின்று எரியவில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் சேற்றில் பின் சக்கரம் மட்டும் சுற்றியது. இது பொக்ஸின் கதை மாதிரி எனக்குப் படவில்லை. உன் மிட்சுபிஷி எல்-200இல் லீவர் செய்வது பாதி வேலைதான். அது பொக்ஸுக்குள், முன் அச்சுக்கு ஓட்டம் கொண்டுபோகும் முன் சாப்டைச் சேர்த்துவிடும். ஆனால் முன் அச்சின் ஒரு பக்கத்தில் இன்னொரு கிளச் இருக்கிறது. 2எச்சில், பின் சக்கரம் மட்டும் இழுக்க ஓடும்போது முன் சாமான்கள் வீணாகச் சுற்றாமல் அது பிரித்து வைத்திருக்கும். 4எச் போட்டதும் வக்யூம், அதாவது காற்று உறிஞ்சல், அதை இழுத்துச் சேர்க்க வேண்டும். சேரும் வரைக்கும் விளக்கு மினுக்கும். சேரவே இல்லையென்றால், இரண்டு பக்கத்துக்கும் ஓட்டத்தைப் பிரிக்கும் டிப்ரன்ஷல் சுகமாகச் சுற்றுகிற பக்கத்துக்கே முழு ஓட்டத்தையும் விட்டுவிடும். அந்தப் பக்கம் வெறுமனே சுற்றும், இரண்டு முன் சக்கரமும் சும்மா நிற்கும்.

இதை நீயே சோதிக்கலாம். சமதரையில் நிறுத்தி, லீவரை 4எச்சில் போட்டு, எஞ்சினை நிறுத்து. ஹாண்ட் பிரேக் இழு. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வை. பிறகு அடியில் போய் அந்த முன் சாப்டை, புரொப்பலர் சாப்டை, கையால் திருப்பிப் பார். சைலன்சர் குழாய் ஆறியிருக்க வேண்டும், கவனம். சாப்ட் இறுகி நின்றால் பொக்ஸ் தன் வேலையைச் செய்துவிட்டது, அதை மறந்துவிடு. சும்மா சுற்றினால் பொக்ஸ் பக்கம்தான் பிழை, தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. உடனே எனக்கு எடு. இந்தச் சோதனைக்கு ஜாக் வேண்டாம். ஒரு சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, ஃபோர் வீலில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் விடாதே. தரையில் நிற்கும் சக்கரம் பிடித்தால் வாகனம் ஜாக்கை விட்டுப் பாயும்.

சாப்ட் இறுகித்தான் நிற்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் வக்யூமைத் தேடு. டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் மாதிரி தானாக உறிஞ்சல் கிடைக்காது. உன் எஞ்சினில் அல்டனேட்டரோடு சேர்ந்த ஒரு சின்னப் பம்ப்தான் அதைக் கொடுக்கிறது. பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான். ஆகவே முதல் கேள்வி பிரேக்கைப் பற்றியது: மிதிக்கும்போது வழக்கத்தை விடக் கல் மாதிரி இருக்கிறதா? இருந்தால் வாகனத்தை எடுக்கவே எடுக்காதே. ஃபோர் வீல் பிறகு, பிரேக் முதலில். பிரேக் நன்றாக இருந்தால் பம்பும் நல்லது, பிழை அதற்குப் பிறகு எங்கோ.

எஞ்சின் அறையில் மின்சாரத்தில் திறந்து மூடும் இரண்டு சின்னச் சொலனொயிட் வால்வு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், மெல்லிய கறுப்பு ஹோஸ்கள் செருகியபடி. அங்கிருந்து இரண்டு ஹோஸ் கீழே முன் அச்சுக்குப் போகும். ஒன்று சேர்க்க, மற்றது பிரிக்க. நான் பந்தயம் கட்டுவது அந்த ஹோஸில்தான். வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் ரப்பர் வறண்டு, வளைகிற இடத்திலும் செருகுகிற நுனியிலும் வெடிக்கும். மேலே பார்த்தால் தெரியாது. டோர்ச் அடித்து, மடக்கி மடக்கி வடிவாகப் பார். பிறகு எஞ்சின் ஓட, வாகனம் நியூட்ரலில் ஹாண்ட் பிரேக்கோடு நிற்க, தம்பியை லீவரை மாற்றச் சொல்லி, வால்விலிருந்து கீழே போகும் ஹோஸைக் கழற்றி அந்த வால்வு வாயில் விரலை வை. 4எச்சில் ஒன்று இழுக்க வேண்டும், 2எச்சில் மற்றது. மாற்றும்போது வால்வு 'டிக்' என்று சத்தமும் போட வேண்டும். சத்தமே இல்லையென்றால் பியூஸைப் பார். பியூஸ் சரியென்றால் பொக்ஸில் இருக்கும் சுவிட்சுகளின் பிளக்கைப் பார். குளக்கட்டும் வயலுமாக ஓடுகிற வாகனம், சேறு போய்ப் பச்சை பிடித்திருக்கும். கழற்றித் துடைத்துச் செருகினாலே சில வேளை விளக்கு நின்றுவிடும்.

மேலே இழுத்து, கீழே அச்சுப் பக்கம் இழுக்கவில்லையென்றால் ஹோஸ். இரண்டு இடத்திலும் நன்றாக இழுத்தும் கிளச் சேரவில்லையென்றால், அச்சோடு இருந்து கிளச்சை அசைக்கும் அக்சுவேட்டரின் ரப்பர் டயப்ரம் கிழிந்திருக்கும், அல்லது உள்ளே கிளச்சைத் தள்ளும் போர்க் துருப்பிடித்து இறுகியிருக்கும். துண்டு ஹோஸ் ஒன்றைச் செருகி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடி. பிடித்து நின்றால் டயப்ரம் நல்லது. (அம்மாவுக்கு இந்த வரியை வாசித்துக் காட்டவில்லை.)

இன்னொன்று சொன்னாய், சில நாள் லீவர் 4எச்சை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறது என்று. அது பழுதே இல்லை, நீ ஓட்டுகிற விதம். உன் வாகனத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிப்ரன்ஷல் கிடையாது. வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தை விடக் கூடத் தூரம் ஓட வேண்டும். சேற்றில் வழுக்கிச் சமாளித்துவிடும். தார் றோட்டில் வழுக்க இடமில்லை, அந்த முறுக்கு சாப்டுகளில் ஏறி, கியரை இறுக்கிப் பிடித்துவிடும். மழை என்றாலும் மாங்குளம்–முல்லைத்தீவு றோட்டில் 4எச் வேண்டாம். இறுகினால் லீவரோடு மல்லுக்கட்டாமல், ஸ்டியரிங்கை நேராக்கிக் கொஞ்சத் தூரம் பின்னால் எடு, கழன்று வரும். முன்னுக்கு மட்டும் புது டயர் போட்டதும் இதைக் கூட்டும். சுற்றளவு வித்தியாசம் இருந்தால் நேர் றோட்டிலும் முறுக்கு ஏறும். கையில் காசு வந்ததும் பின் இரண்டையும் அதே அளவில் மாற்று.

4எல்லுக்கு, அந்த மெதுவான ஃபோர் வீலுக்கு, மட்டும் முழுதாக நிறுத்தி, கால் கிளச்சை அமத்திக்கொண்டு மாற்று. எல்லாம் சரியானதும் மாதத்தில் ஒரு நாளாவது மணல் பாதையில் 4எச் போட்டு ஓடு, அந்தப் போர்க் அசையாமல் கிடந்தால் திரும்ப இறுகும்.

இரண்டு வால்வையும் கிட்டப் படம் எடுத்து அனுப்பு. பழைய ஹோஸின் வெளி, உள் விட்டத்தையும் அளந்து எழுது. ஒன்றிரண்டு மீற்றர் வாங்கி முல்லைத்தீவு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், மாங்குளத்தில் இறக்கி எடு. பார்சலுக்குள் அம்மா பலகாரம் வைக்கப் பார்க்கிறா. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதும் என்று சொல்லி வேறு பெட்டி எடுக்க வைத்திருக்கிறேன். சனிக்கிழமைக்கு முன் படம் வந்தால் நல்லது, ஞாயிறு பாதிக் கடை பூட்டு.

அப்பா