கொசுவம் வைத்த ஸ்டூல்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி தேவலையா? மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய், வீடு கலகலவென்று இருக்கும்.

இங்கே பட்டறையில் நான் ஒரு கூத்து அடித்தேன். பேரன் பழைய காலண்டர் தாளில் கத்திக்கப்பல் செய்துகொண்டிருந்தான். நானும் ஒரு தாளை விசிறி மடிப்பாக மடித்து, இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம்போல் வைத்து, மேலே தண்ணீர் டம்ளரை வைத்தேன். நின்றது! மடிக்காத தாள் ஒரு ஸ்பூனுக்கே தொய்ந்துவிட்டது. இதையே பிளைவுட்டில் செய்தால், வேண்டாதபோது மடக்கிச் சுவரோரம் சாத்திவைக்கும் ஸ்டூல் ஆகாதா என்று ஆசை வந்துவிட்டது.

6 மி.மீ. பிளைவுட்டை எட்டுப் பட்டையாக அறுத்து, பின்பக்கம் முழுக்கக் கெட்டித்துணி ஒட்டினேன். துணிதான் கீல். ஒரு பக்கம் அழகாக மடிந்தது, மறுபக்கம் விளிம்போடு விளிம்பு முட்டிக்கொண்டு அசையவில்லை. தாளுக்குக் கனமில்லை, பலகைக்கு உண்டு. நாற்பது வருஷம் மரம் இழைத்தவனுக்கு இது தோன்றவில்லை பார். துணியைப் பிய்த்து, மேட்டு மடிப்புக்குப் பின்பக்கம், பள்ள மடிப்புக்கு முன்பக்கம் என்று மாற்றி மாற்றி ஒட்டியபிறகு வழிக்கு வந்தது.

குறுக்கு மடிப்பும் சேர்ந்தால் இந்த வித்தை எடுபடாது. ஜப்பானியர் மியூரா கண்டுபிடித்த மடிப்பில், ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் தாள் மொத்தமும் விரியும். 1995இல் விண்ணுக்கு அனுப்பிய செயற்கைக்கோளில் சூரியத் தகட்டையே அப்படி மடித்துவைத்தார்கள். ஆனால் அது மெல்லிய படலம். பிளைவுட்டில் நாலு மடிப்பு ஒரு புள்ளியில் சேரும்போது மூலைகள் ஒன்றையொன்று இடிக்கும்.

அதனால்தான் பீட்டர் மர்டாக் என்ற ஆங்கிலேயர் மேல் எனக்கு மரியாதை. 1963இல் அட்டையிலேயே குழந்தைகளுக்கு ஒரு புள்ளி போட்ட நாற்காலி வடிவமைத்தார். தட்டையாக வாங்கிவந்து வீட்டில் மடித்துக்கொள்ள வேண்டியதுதான். டென்மார்க்கில் லெ க்ளிண்ட் நிறுவனத்தார் 1943இலிருந்து விளக்குக் கூண்டுகளைக் கையால் மடிக்கிறார்கள். அதுவும் அழகுதான், ஆனால் அதன்மேல் யாரும் உட்காரப்போவதில்லையே! இப்போது ஓரிகாமி (ஜப்பானியத் தாள்மடிப்புக் கலை) மேசை என்று விற்பதில் பலவும் மடிவதே இல்லை, சாய்வாக அறுத்து ஒட்டியவை. எனக்கு அது சம்மதமில்லை.

சரி, ஸ்டூல் கதைக்கு வருகிறேன். பட்டைகளை நிறுத்தி, மேலே பலகை போட்டு உட்கார்ந்தேன். மொசைக் தரையில் வழுக்கி, அப்படியே விரிந்து என்னைக் கீழே இறக்கிவிட்டது. அடியில்லை, மானம்தான் போனது. வாசலில் நின்ற கமலா, “கொசுவத்துக்கு ஊக்கு குத்தாவிட்டால் விரியத்தானே செய்யும்?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடிப்பக்கம் சுற்றி ஒரு நைலான் கயிறு கட்டினேன். இப்போது நானே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

துணி மட்டும் மடிப்பில் நைந்துவருகிறது. உன் கடையில் கூடாரத்துணி வெட்டிய துண்டுகள் கிடந்தால் இரண்டு முழம் அனுப்பு.

அன்புடன்,
ராமநாதன்